கேஸ் வந்துவிட்டது என்பதால் விறகடுப்பைக் கைவிடலாமா?

"விறகடுப்பைத் திருத்துகிற வேலையெல்லாம் முடிந்துபோன கதை. கேஸ் வந்தாச்சு. இனி அந்த அடுப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்." அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தார், பொறியியல் பேராசிரியர்கள், பொது சுகாதாரம் பேசுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் இன்று இதே பதில்தான் வருகிறது. விறகிலிருந்து கிளம்பும் வாயுவைத் தனியே எழவிட்டு, மேலே சூடான காற்றோடு கலந்து எரிக்கிற விறகு வாயு அடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், அதையும் பழைய கணக்கில் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. இதன் விலையை ஒரகடம் மாதிரியான தொழிற்பேட்டை ஊர்கள் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

அவர்கள் தரப்பை முதலில் முழுதாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். 1980களின் நடுவில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இடிந்தன, அல்லது மூலையில் கிடந்தன. ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வில், புகைபோக்கி அடுப்பு முதல் ஆண்டில் தந்த சிறு பலனும் பிறகு காணாமல் போனது. மலாவியில் விசிறி பொருத்திய நவீன அடுப்பைக் கொடுத்து 10,750 குழந்தைகளைக் கண்காணித்தார்கள். நிமோனியா குறையவில்லை என்று 2016இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கேஸ் பக்கம் நிலைமையே வேறு. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வாலா 10 கோடிக்கு மேல் இணைப்பு கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குப் பத்தாண்டு முன்னரே இலவச கேஸ் அடுப்பு தேர்தல் வாக்குறுதியாகி, வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கேஸ் கொடுத்தால் மூச்சுக்காற்று சுத்தமாகிறது என்பதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நம் கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளில் நடத்திய வேலையையும் உள்ளடக்கிய ஹாப்பின் ஆய்வு அது. அது நடந்த நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கேஸ் பெற்ற கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். பெறாதவர்களுக்கு அது சுமார் 71.

இத்தனையும் உண்மை. கேஸ் கிடைக்கிற வீட்டில் கேஸ்தான் எரியவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இந்த உண்மைகளை வைத்து அவர்கள் போய்ச் சேருகிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. விறகு எரிவது நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) இந்தியாவில் சுமார் 59 விழுக்காடு வீடுகள் சுத்தமான எரிபொருளில் சமைப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இது 80க்கு மேல். இந்த எண்ணைக் காட்டித்தான் கதை முடிந்தது என்கிறார்கள். ஆனால் இது வீடுகளை மட்டுமே எண்ணிய கணக்கு. ஒரகடம் கூட்டுரோட்டைச் சுற்றி, மாத்தூர், வல்லம், பண்ருட்டி என்று விரியும் சிப்காட் பகுதியில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் சாப்பாடு வீட்டில் வேகவில்லை. மெஸ்ஸில், டீக்கடையில், கான்ட்ராக்டர் போட்ட தகரக் கொட்டகையில், லைன் வீட்டு வாசலில் வேகிறது. உஜ்வாலா வீட்டுக்கான திட்டம். மெஸ்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் 19 கிலோ வணிக சிலிண்டரை மானியமில்லாத விலையில் வாங்கவேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்கும் பையன்களுக்கு 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும்தான். 2021இல் வந்த இரண்டாம் கட்ட உஜ்வாலாவில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் தாங்களே உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் போதும் என்று முகவரிச் சான்றையும் தளர்த்தினார்கள். ஆனால் அந்த இணைப்பு பெண்ணின் பெயரில் தரப்படுவது. மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் எந்தப் பெயரில் வாங்குவான்?

அதே நேரத்தில் விறகோ காலடியில் கிடக்கிறது. உதிரி பாகங்களும் இயந்திரங்களும் இந்தத் தொழிற்சாலைகளுக்கு மரப் பேலட்டிலும் மரப்பெட்டியிலும்தான் வந்து இறங்குகின்றன. உடைந்த பேலட் ஸ்கிராப் கடைக்குப் போகிறது. அங்கிருந்து அடுப்புக்கு வருகிறது. இந்த வட்டாரத்து மெஸ் ஒன்றின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். அண்டாவுக்கு மூன்று பக்கமும் செங்கல், ஒரு பக்கம் திறப்பு. நீளநீளமான பைன் பலகைகள் பாதி உள்ளே, பாதி வெளியே. நெருப்பு உள்முனையைத் தின்ன, வெளிமுனையில் பிசின் நுரைத்துச் சொட்டுகிறது. சட்டியின் அடி தார் பூசினதுபோல் கறுத்திருக்கிறது. மறுநாள் சாம்பல் வாரும்போது கைப்பிடி கைப்பிடியாக ஆணி வருகிறது. கரும்புகையில் நின்று அந்த அண்டாவைக் கிண்டுகிற அம்மா எந்தக் கணக்கெடுப்பிலும் விறகடுப்புக்காரர் இல்லை. அவர் வீட்டில் கேஸ் இருக்கிறது.

2. விறகு இயல்பிலேயே அழுக்கு எரிபொருள் என்பது வேதியியலுக்கு ஒவ்வாத பேச்சு.

காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல், சூடேறியதும் வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்துவிடும். மிஞ்சுவது கரி. நாம் பார்க்கும் தழல், விறகு எரிவதல்ல. விறகிலிருந்து கிளம்பிய கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மீத்தேனும் தார் ஆவியும் காற்றைச் சந்தித்து எரிவது. சந்திக்கத் தவறியது புகையாகிறது. ஆக, புகை என்பது காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் எரியாமலே வெளியேறுவது. அதை எரிப்பதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: போதுமான வெப்பம் (850 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருந்தால் தார் தாக்குப்பிடிக்காது), வாயுவும் காற்றும் நன்றாகக் கலப்பது, அந்தச் சூட்டில் சற்று நேரம் தங்குவது. மூணு கல் அடுப்பில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது தற்செயல்.

விறகு வாயு அடுப்பில் அதைத் திட்டமிட்டு அமைக்கிறோம். உருளையில் துண்டு விறகை நிரப்பி, மேலிருந்து பற்றவைக்க வேண்டும். அடியிலிருந்து வரும் முதல் காற்று கொஞ்சமாகத்தான் வரவேண்டும். விறகை வாயுவாக்க மட்டும் அது போதும். நெருப்பு வரம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். வாயு மேலே ஏறும். இரட்டைச் சுவரின் இடுக்கில் சூடேறி வரும் இரண்டாம் காற்று, விளிம்பில் உள்ள துளைகள் வழியே பாய்ந்து அந்த வாயுவைப் பிடித்து எரிக்கும். இந்த முறையை 1980களில் அமெரிக்காவின் டாம் ரீடும் நார்வேக்காரர் பால் வெண்டல்போவும் ஒருவரையொருவர் அறியாமலே உருவாக்கினார்கள். பிறகு பால் ஆண்டர்சன் செம்மைப்படுத்திய வடிவத்தைச் சென்னையில் சர்வல்ஸ் நிறுவனம் தயாரித்தது. நம் மரத்தூள் அடுப்பில் நடுவே குச்சி நட்டு, தூளை இறுக்கி, குச்சியை உருவி ஓட்டை விடுவார்களே, அதுவும் காற்று போகும் வழியை முன்கூட்டித் தீர்மானிக்கிற வேலைதான். இது நமக்கு அந்நியமான அறிவு அல்ல.

இந்தத் தத்துவம் சமையலறையிலும் நிற்கிறதா? நிற்கிறது. ருவாண்டாவில் மரக்குருணை போட்டு எரிக்கும் விசிறி வாயு அடுப்புகளை, மக்கள் தங்கள் வீட்டிலேயே சமைக்கும்போது அளந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வு, அவை கேஸ் அடுப்பின் சுத்தத்தை நெருங்குவதாகச் சொன்னது. விறகு இயல்பிலேயே அழுக்கென்றால் அது எப்படி நடந்தது?

3. "விசிறி வைத்தும் பார்த்தாச்சு" என்பவர்கள் எதை அளந்தார்கள்?

விசிறி வைத்தாலே சுத்தம் என்று ஒரு கட்சி நம்புகிறது. விசிறி வைத்தும் பயனில்லை என்று இன்னொரு கட்சி கைகழுவுகிறது. இரண்டு பேருமே காற்றை மொத்தமாகப் பார்க்கிறார்கள். எவ்வளவு காற்று என்பதோடு, எந்த இடத்தில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் என்பதையும் பார்க்கவேண்டும். அடியில் காற்று கூடினால் விறகு வேகமாக வாயுவாகும். மேல் துளைகளால் அத்தனையையும் எரித்து முடிக்க முடியாமல் புகை வரும், சாம்பலும் பறக்கும். மேலே குளிர்ந்த காற்று கூடினால் தழல் குளிர்ந்து பாதியில் விட்டுவிடும். அண்டா தழலுக்கு மிக அருகில் உட்கார்ந்தாலும் அதே கதி: குளிர்ந்த உலோகத்தில் மோதிய தழல் அவிந்து கரியாகப் படியும். விறகு ஈரமாக இருந்தால் நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைவிட, தழலின் சூடு இறங்கிப்போவதுதான் பெரிய கேடு. ஐப்பசி மழையில் நனைந்த பேலட்டைப் போட்டுவிட்டு அடுப்பைத் திட்டிப் பயனில்லை.

கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதும் சுத்தத்துக்குச் சான்றாகாது. வாயு தீர்ந்து கரி மட்டும் கனலும் கடைசிக் கட்டத்தில் புகையே இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு கொட்டும். தகரக் கொட்டகையில் கதவை அடைத்துக்கொண்டு அந்தக் கனலில் குளிர்காய்ந்தால் உயிர் போகும். அந்தக் கட்டத்தில் கரியை வெளியே கொட்டி அணைப்பது, அல்லது காற்றை மாற்றி எரித்துத் தீர்ப்பது என்பதையும் சேர்த்ததுதான் வடிவமைப்பு.

நம்முடைய தரவரையறையும் இங்கே குற்றவாளி. இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 13152 (2013), விசிறி அடுப்புக்கு 35 விழுக்காடு வெப்பத்திறன் போதும் என்கிறது. பாத்திரத்துக்குள் போகும் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 150 மில்லிகிராம் துகளை அனுமதிக்கிறது. பாத்திரத்துக்கு ஒரு கிலோவாட் கொடுக்கும் சிறிய அடுப்பென்றால், நிமிடத்துக்கு 9 மில்லிகிராம். புகைபோக்கி இல்லாத சமையலறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் வைத்த இலக்கு நிமிடத்துக்கு 0.23 மில்லிகிராம். அதாவது முத்திரை வாங்கிய அடுப்பே இலக்கைப்போல் 39 மடங்கு கக்கலாம். இப்படிப்பட்ட அடுப்பை வைத்து நோய் குறையவில்லை என்று கண்டுபிடித்தால், அதைத் தொழில்நுட்பத்தின் தோல்வியாக எழுதுவது எப்படி நேர்மையாகும்?

4. தோற்றது எரிப்பா, எரிபொருளா?

ஊர்ஜா அடுப்பை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எச்.எஸ். முகுந்தா குழுவினர் செய்த ஆராய்ச்சியைப் பிரிட்டிஷ் பெட்ரோலியம் எடுத்து 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விவசாயக் கழிவைக் குருணையாக்கி எரிக்கிற விசிறி அடுப்பு. ஏறத்தாழ 4 லட்சம் விற்றது. மானியத்தில் கொடுத்ததல்ல, காசு கொடுத்து மக்கள் வாங்கியது. அப்புறம் ஏன் வீடுகளிலிருந்து மறைந்தது? அடுப்பு புகைந்ததாலா? குருணைக்கான மூலப்பொருளின் விலை ஏறியது. குருணை விலையும் ஏறியது. கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. 2009இல் தொழில் கைமாறியது. வாங்கிய பூனா நிறுவனம் வீடுகளை விட்டு ஓட்டல் சமையலறைகளின் பக்கம் திரும்பியது.

இந்தக் கதையிலிருந்து "விறகு வாயு அடுப்பு தோற்றது" என்று பாடம் படிப்பது சோம்பேறித்தனம். எரிப்பு ஜெயித்தது. குருணையைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்து சிறு வீடுகளுக்குக் கிலோக் கணக்கில் விற்கிற ஏற்பாடு தோற்றது. எரிபொருள் கழிவாகவே கிடக்கிற இடத்தில், ஒரே சமையலறை தினமும் மூட்டைக் கணக்கில் எரிக்கிற இடத்தில், அந்தத் தடை எங்கே இருக்கிறது? ஒரகடத்தில் பேலட்டைத் துண்டாக்கி, ஆணியைக் காந்தத்தால் பிரித்து, கூரைக்கடியில் காயவைத்து விற்க ஒரு சிறு பட்டறை போதும்.

ஒரே ஒரு கண்டிப்பு வேண்டும். நாடு விட்டு நாடு வரும் பேலட்டில் பூச்சி வராதிருக்கச் செய்த சிகிச்சையைக் குறிக்கும் முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் சூடேற்றியது, அதை எரிக்கலாம். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. அதை அடுப்பில் வைக்கவே கூடாது. பெயின்ட் அடித்த பலகையும் பிசின் போட்டு ஒட்டிய பிளைவுட்டும் அப்படியே. இன்று மெஸ்ஸின் பின்னால் இதையெல்லாம் பிரிக்கிறவர் யாரும் இல்லை. "விறகடுப்பு முடிந்த கதை" என்று சொல்லிவிட்டதால், பிரிக்கச் சொல்லும் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போனது.

5. மலாவியைக் காட்டுகிறவர்கள் அதே அளவுகோலைக் கேஸுக்கும் வைப்பார்களா?

நிமோனியா குறையவில்லை, ஆகவே அடுப்பு வீண் என்கிறார்கள். நான் மேலே சொன்ன ஹாப்பின் ஆய்வின் மறுபாதியையும் அவர்கள் சொல்லவேண்டும். கேஸ் பெற்ற தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை, பெறாதவர்களின் குழந்தைகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அந்தக் குழந்தைகளுக்குக் கடும் நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதை வைத்து யாராவது கேஸை நிறுத்தச் சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. குப்பை எரிப்பது, பக்கத்து வீட்டுப் புகை, சாலைத் தூசி, வறுமை என்று பல காரணங்கள் சேர்ந்து வரும் நோயை ஒரே அடுப்பு மாற்றிவிடாது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த விளக்கம் கேஸுக்குப் பொருந்துமானால் விறகு வாயு அடுப்புக்கும் பொருந்தும். மலாவியில் தீக்காயங்கள் குறைந்ததையும் அந்த ஆய்வே பதிவு செய்திருக்கிறது. அண்டா கொதிக்கும் சமையலறையில் அது சின்ன விஷயமில்லை.

6. "அளக்க வசதி இல்லை" என்ற பதிலை ஒரகடத்தில் யாரும் சொல்லக்கூடாது.

வாகனங்களைச் சோதிக்கும் உலகத்தர வாகன ஆராய்ச்சி மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 விதிப்படி டீசல் கார் கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம் துகளுக்கு மேல் விடக்கூடாது. சாதாரண அடுப்பில் ஒரு கிலோ விறகு சில கிராம் துகளைக் கக்கும். 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது அந்தக் கார் கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர் ஓடி விடக்கூடிய உச்ச அளவு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபின்னும் மிச்சம் இருக்கும். காரின் புகை திறந்த சாலையில் கலைகிறது. அடுப்பின் புகை ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே வருகிறது.

அடுப்புக்குத் தேவையான எந்தத் திறமை இந்த வட்டாரத்தில் இல்லை? சூடு தாங்கும் எஃகுத் தகட்டை அழுத்தி உருளையாக்கும் பிரஸ் ஷாப்புகள் இருக்கின்றன. மெல்லிய இரும்பில் செய்த எரியறை சீக்கிரமே அரித்து ஓட்டையாகிவிடும், எந்த எஃகு எத்தனை டிகிரி தாங்கும் என்பது வாகனப் புகைபோக்கிக் குழாய் செய்கிறவருக்கு மனப்பாடம். காரின் புகையில் ஆக்சிஜனை அளந்து காற்றும் எரிபொருளும் சேரும் விகிதத்தைத் திருத்துகிற சென்சார் இங்குள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வீட்டைச் சூடாக்கும் மரக் கொதிகலன்களில் அதே வகைச் சென்சார்தான் விசிறியைக் கட்டுப்படுத்துகிறது. தினம் பல மணி நேரம் எரியும் மெஸ் அடுப்பில் அதைப் பொருத்திப் பார்க்க எது தடுக்கிறது? யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

7. கடைசியாக, "யார் காசு போடுவது?"

இதற்குத் தானம் தேவையில்லை, கணக்கு போதும். 19 கிலோ வணிக சிலிண்டரில் சுமார் 865 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. பெரிய பர்னரில் அதில் 500 அளவுக்கு அண்டாவுக்குள் போகும் என்று வைப்போம். காய்ந்த விறகின் ஒரு கிலோவில் 16 மெகாஜூல். செங்கல் அடுப்பில் 15 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது என்றால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்குச் சுமார் 210 கிலோ விறகு. 35 விழுக்காடு திறனுள்ள வாயு அடுப்பில் அதே வேலைக்குச் சுமார் 90 கிலோ. மீதி 120 கிலோவின் விலையை மெஸ்காரர் தன் ஊர் விலையில் பெருக்கிக்கொள்ளலாம். அடுப்பின் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். நாட்டுக்குத் தேவையான கேஸில் 60 விழுக்காடு அளவுக்குக் கப்பலில் வருகிறது, அதுவும் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை வழியாக. வளைகுடாவில் சண்டை மூண்டால் முதலில் தட்டுப்பாடு வருவது வணிக சிலிண்டருக்கு. மெஸ்காரர் அன்றைக்கே செங்கலை அடுக்கிப் பேலட்டைச் செருகுவார்.

அரசிடமிருந்து வேண்டியது மூன்று. ஐ.எஸ். 13152இன் துகள் வரம்பை உலக சுகாதார நிறுவன இலக்கை நோக்கி இறக்கவேண்டும்; அதிலும் பெரிய சமையலறை அடுப்புகளை இந்த ஊர் விறகை வைத்தே சோதிக்கவேண்டும். எம்.பி. முத்திரையுள்ள மரத்தை ஸ்கிராப் கடைக்கு விற்பதைத் தொழிற்சாலை வாசலிலேயே தடுக்கவேண்டும். மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கொடுக்கும்போது தண்ணீரையும் பாத்திரத்தையும் பார்ப்பதுபோல், அடுப்பருகே கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியையும் ஒருமுறை நீட்டவேண்டும்.